வயிற்றைச் சுருக்கிய பின் நீச்சல்: ‘அப்புறம் குடிச்சுக்கலாம்’ என்னும் தவறு

காலை ஆறு மணி பேட்ச். பக்கத்து லேனில் புதிதாக ஒருவர். வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள். எனக்கும் அதே ஐந்து உண்டு என்பதால் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்க இருபது நீளம் போனார். ஓரத்தில் பாட்டில் இல்லை. “தண்ணி சார்?” என்றேன். “வெளியே போய் மொத்தமா குடிச்சுக்கலாம்” என்றார். எரிச்சலாக வந்தது. இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன், அதனால்தான்.

தையல் ஆறும் முன் குளத்தில் இறங்காதீர்கள், டாக்டர் சரி என்று சொல்லாமல் தொடங்காதீர்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். நாம் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

தண்ணீரைத் தள்ளிப்போடுவது

எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை, அதாவது எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது. மூன்றாவது மாதம், மே வெயில். 25 மீட்டர் குளத்தில் நாற்பது நீளம், அதாவது ஒரு கிலோமீட்டர் நீந்திவிட்டுப் பெருமையாக ஏறினேன். பழைய பழக்கத்தில் பாட்டிலைக் கவிழ்த்து மடக் மடக்கென்று நாலு வாய். நெஞ்சுக் குழியில் அடைத்துக்கொண்டது. வாயில் நுரை நுரையாக எச்சில், அப்புறம் குடித்தது முழுக்க வெளியே. அந்தப் பயத்தில் அன்று முழுவதும் சரியாகவே குடிக்கவில்லை. மறுநாளும் நீந்தப் போனேன், அதுதான் முட்டாள்தனம். மூன்றாம் நாள் ஏணியில் ஏறும்போது கண் இருட்டியது. இரண்டு நாள் ட்ரிப்ஸ். சம்பளத்தில் பாதி போயிற்று.

கணக்கு எளிது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குறுகிய குழாய். நாளுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்வார்கள். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் கூடாது. இந்த நேரத்தையெல்லாம் கழித்தால் விழித்திருப்பதில் பத்து மணி நேரம்தான் கையில். மணிக்கு 150 மில்லி. குளத்துக்குப் போய்வர இரண்டு மணி நேரம் வறண்டு கிடந்தால் 300 மில்லி பாக்கி. அதை அடுத்த மணி நேரத்தில் சேர்த்து ஊற்ற இடமே கிடையாது. போதாக்குறைக்கு நீந்தும்போதும் வியர்க்கிறது, குளத்துத் தண்ணீரில் அது தெரிவதில்லை. உடம்பு குளிர்ந்திருப்பதால் தாகமும் எடுக்காது.

இப்போது எழுந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச ஆரம்பிக்கிறேன். பாட்டில் லேன் முனையில் இருக்கும். நாலு நீளத்துக்கு ஒருமுறை நின்று இரண்டு சின்ன வாய். ‘சும்மா சும்மா நிக்காதீங்க’ என்று கோச் முறைப்பார், முறைக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்று நீச்சல் கிடையாது. குளுக்கோஸ், சர்க்கரை போட்ட ஸ்போர்ட்ஸ் பானம் வேண்டாம். இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இன்னொரு வகை அறுவை சிகிச்சை) செய்தவர்களுக்குப் படபடப்பு, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று பாடாய்ப் படுத்திவிடும். தண்ணீர் குடித்த கையோடு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினால் புளித்து மேலே வரும். சுவரைக் கையால் தொட்டுத் திரும்புங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பக்கத்து லேன்காரரிடம் இவ்வளவையும் சொன்னேன். மறுநாள் பாட்டில் கொண்டுவந்தார், இரண்டு லிட்டர். நான் கிளம்பும்வரை மூடி திறக்கவில்லை.

கால் மூழ்கினால் தோளை வருத்துவது

கொழுப்பு மிதக்கும். முப்பது கிலோ இறங்கியவருக்கு மிதவையும் இறங்கியிருக்கும். பழைய ஃப்ரீஸ்டைலை அப்படியே போட்டால் இடுப்பும் காலும் கீழே போகும். ‘நீச்சல் மறந்துபோச்சு’ என்று நினைத்துக் கையால் இழு இழு என்று இழுப்பார்கள். தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும் நேரம், தோள் பிடித்துக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி, பார்வையைத் தரையில் வைத்து, சில வாரம் கிக் மட்டும் பழகுங்கள்.

தோள் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை கேட்பது

டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் வகை வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு ஒட்டுப்போட்ட இடத்தில் புண் வரலாம். எந்த மாத்திரை என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.

பிபி, சுகர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போடுவது

எடை இறங்க இறங்க அளவும் மாறும். மறுபடி காட்டாமல் குளத்துக்குப் போகாதீர்கள், அதுவும் தனியாக.

முடி கொட்டினால் குளோரினைத் திட்டுவது

மூன்றாவது மாத வாக்கில் பலருக்கும் கொட்டும், நீந்தினாலும் நீந்தாவிட்டாலும். தினமும் 60 கிராம் புரதமாவது உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

பழைய காகிள்ஸ்

முகமும் இளைத்திருக்கும். ஒழுகும். புதிது வாங்குங்கள்.