குடியேற்றம், இனம் பற்றிச் செய்தி எழுதப் பழகுவது எப்படி?

புதிதாக வரும் நிருபர்கள் பலர் முதல் நாளே ஒரு கண்ணீர்க் கதையைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அது இருக்கட்டும், முதலில் சொற்களைப் பார்ப்போம்.

படி 1: யாரை எப்படிக் குறிப்பிடுவது?

இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. இவற்றில் ஏதோ ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படலாம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் 1951-இன் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை சொல்லும் அகதி. கோரிக்கை கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். வேலைக்கு வந்தவர் கதை வேறு. மூன்றையும் குழப்பினால் செய்தியே தப்பாகிவிடும்.

'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லை அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2013-லேயே கைவிட்டது. செயலைத்தான் சட்டவிரோதம் எனலாம், ஆளை அல்ல என்பது அவர்கள் வாதம். 'அனுமதியின்றித் தங்கியிருப்பவர்' என்றால் தலைப்பு நீளும்தான். நீளட்டும்.

படி 2: எண்ணைத் தட்டிப் பாருங்கள்

'எல்லையில் இத்தனை பேர் பிடிபட்டனர்' என்றால், அது ஆட்களின் கணக்கா, சம்பவங்களின் கணக்கா? அமெரிக்க எல்லைக் கணக்கில் ஒரே ஆள் மூன்று முறை பிடிபட்டால் மூன்றாகத்தான் சேரும். குற்றக் கணக்கென்றால், கைதா தண்டனையா என்று கேளுங்கள்.

படி 3: பேட்டி

இங்கேதான் நிதானம் வேண்டும். பேட்டி தருபவரின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தான் அடிபட்டதை எந்த அப்பாவும் மகள் வாயால் சொல்ல வைக்க மாட்டார், பாதியை விழுங்கிவிடுவார்.

'பெயர் போடலாமா?' என்று கேட்டால் மட்டும் போதாது. வெளியானதை அதிகாரி படிக்கலாம், முதலாளி படிக்கலாம், ஊரில் இருக்கும் அண்ணனை மிரட்டுபவரும் படிக்கலாம் என்று விளக்கிவிட்டுக் கேளுங்கள். உங்களிடம் சொன்ன தேதியும் புகலிட விசாரணையில் சொன்ன தேதியும் மாறினால், அதுவே அவர் வழக்குக்கு எதிராகத் திரும்பலாம். அப்புறம், படத்தில் ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்க மறக்காதீர்கள்.

படி 4: இனத்தைச் சொல்வதா?

பெரும்பான்மைச் சமூகத்தவர் இதைச் செய்திருந்தால் இனத்தை எழுதியிருப்பீர்களா? இல்லையென்றால் இப்போதும் வேண்டாம். ஆனால் நடந்ததே இனவெறி என்றால் 'இனம் சார்ந்த சர்ச்சை' என்று மழுப்பாமல் நேராக எழுதுங்கள்.

படி 5: சும்மா இருக்கும் நாளில் போங்கள்

பெரிய செய்தி எதுவும் இல்லாத நாளில் அவர்கள் அன்றாடத்தைப் போய்ப் பாருங்கள்: வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை, வழக்கறிஞர் அலுவலக வரிசை. செய்தி கிடைக்காமலே திரும்பலாம். ஆனால் அடுத்த முறை எல்லை மூடப்படும்போது, கூப்பிட நான்கு எண்களாவது கையில் இருக்கும்.