குட்டி யானையில் பைக் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கோ சென்னைக்கோ வீடு மாற்றும்போது, பைக்கையும் சாமான்களோடு குட்டி யானையில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். சைடு ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில் பாரில் ரெண்டு சுற்று கயிறு சுற்றி, பக்கத்தில் மெத்தையைச் செருகி, "நிக்குது, போலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம் வேகத்தடைகளைத் தாண்டுவதற்குள் அந்தக் கயிறு தளர ஆரம்பித்துவிடும்.

முதல் தவறு ஸ்டாண்டை நம்புவது. கிளாசிக் 350 மாதிரி கிட்டத்தட்ட 195 கிலோ எடையுள்ள வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறி இறங்கும்போது, சைடு ஸ்டாண்டு ஃபிரேமோடு சேருகிற அந்தச் சின்ன இடத்தில்தான் அடி விழுகிறது. மேலே கயிறு போட்டு இறுக்கினால் ஸ்டாண்டு வளையும், வெல்டிங்கே விட்டுப்போகலாம். சென்டர் ஸ்டாண்டு என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். டிரைவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பைக் முன்னால் நகரப் பார்க்கும். முன்னால் நகர்ந்தால் சென்டர் ஸ்டாண்டு மடங்கத்தான் செய்யும்.

ஸ்டாண்டை மடக்கிவிட்டு, ரெண்டு சக்கரத்திலும் நேராக நிறுத்துங்கள். முன் சக்கரம் கேபின் பக்கத் தகட்டில் முட்டி நிற்கட்டும். முதல் கியரில் போடுங்கள். ஒருவர் பைக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு என்று நாலு பெல்ட் போட்டுக் கீழ்நோக்கியும் வெளிப்பக்கமாகவும் இழுத்துக் கட்ட வேண்டும். பைக்கின் ஸ்பிரிங் மேலே தள்ளுகிறது, பெல்ட் கீழே இழுக்கிறது. இந்த ரெண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும்வரை பைக் அசையாது.

அதற்காக முன் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் வைத்த ரெண்டு குழாய்களை, அடிவரை அமுக்கிவிடுவதும் தவறுதான். ஸ்பிரிங்குக்கு அசைய இடமே இல்லாவிட்டால் பள்ளத்தின் அடி நேராகப் பெல்ட்டுக்கும் கொக்கிக்கும் போகும். ஆயில் சீலும் கசியலாம். பாதிக்கும் குறைவாக அழுந்தினால் போதும். டயரில் காற்றும் சரியாக இருக்க வேண்டும். வழியில் காற்று இறங்கினால் பெல்ட்டும் தளரும்.

எங்கே கட்டுவது? ஹேண்டில் பாரின் நுனி, கிளட்ச் லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர் இவை எதிலும் வேண்டாம். முன்பக்கம், ரெண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கிற கனமான இரும்பில் கட்டுங்கள். பின்பக்கம், ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்குகிற ஃபிரேம் பகுதி நல்லது. இப்போதுதான் ஓட்டி வந்த வண்டி என்றால் பெல்ட் சைலன்சரைத் தொடாமல் பாருங்கள், சூட்டில் உருகிவிடும். குட்டி யானையின் கொக்கிகள் வெளிப்பக்கம் இருப்பதால் பெல்ட் பக்கத் தகட்டின் விளிம்பில் உரசித்தான் போகும். அந்த இடத்தில் ஒரு சாக்குத் துண்டை மடித்து வையுங்கள்.

நைலான் கயிறு இழுபடும், மழையில் நனைந்தால் இன்னும் மோசம். கிழித்த சைக்கிள் ட்யூப் அதைவிட மோசம். அது இழுபடுவதற்காகவே இருக்கிறது. கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட் வாங்கிவிடுவதே மேல். எதில் கட்டினாலும் ஐந்தாறு கிலோமீட்டரில் ஓரம் கட்டி ஒருமுறை இறுக்குங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "பையன் மேலே உட்கார்ந்து பிடிச்சுக்குவான்" என்பது. பைக் சாய்ந்தால் அவன் கால்தான் அடியில் மாட்டும். தயவுசெய்து யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள்.

தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏற்றுகிறவர்கள் உண்டு. வெயிலில் பெட்ரோல் விரிந்து மூடி வழியே கசியும், பக்கத்திலேயே உங்கள் மெத்தையும் துணியும் இருக்கும். இறங்கியதும் அடுத்த பங்க்வரை போகிற அளவு இருந்தால் போதும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். ஹேண்டில் லாக் போட வேண்டாம். குலுக்கலில் லாக்கே உடையும். சாவியையும் எடுத்துவிடுங்கள்.

ஏற்றும்போது இன்ஜினை ஓடவிட்டுப் பலகையில் ஓட்டி ஏற வேண்டாம். மேடான இடத்தை ஒட்டிக் குட்டி யானையை நிறுத்தினால் பலகையின் சரிவு குறையும், ரெண்டு பேர் தள்ளினால் ஏறிவிடும். புல்லட்டுக்கு மூன்று பேர். இறக்கும்போதுதான் பலர் விழுகிறார்கள். பின்னோக்கி இறக்கும்போது எடை பின் சக்கரத்துக்குப் போய்விடுவதால் முன் பிரேக் பிடித்தாலும் டயர் வழுக்கும். இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்தால் பின் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் மெதுவாக இறங்கும்.