நைட்ரஜன்-15 பாட்டிலில் நடக்கும் தவறுகள்

ஹவாய்க்கு வடக்கே உள்ள அலோகா நிலையம் போன்ற இடங்களில் மேல்நீரில் நைட்ரேட் இல்லையென்றே சொல்லலாம். அங்கே நுண்ணுயிர்கள் நிலைநிறுத்தும் (அதாவது கரைந்த நைட்ரஜன் வாயுவை உயிர்களுக்கு உதவும் வடிவமாக மாற்றும்) நைட்ரஜன் லிட்டருக்கு நாளொன்றுக்குச் சில நானோமோல்தான். இதை அளக்க, பாட்டிலில் பிடித்த கடல்நீரில் நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15 வாயுவைச் சேர்த்து, செல்களில் அது எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். அளவு இவ்வளவு சிறிதாக இருப்பதால், அளப்பதில் சின்னச் சறுக்கலும் முடிவைப் புரட்டிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது வாயுக் குமிழியில். நீர் நிரப்பிய பாட்டிலுக்குள் நைட்ரஜன்-15 வாயுவைக் குமிழியாகச் செலுத்திவிட்டு, அது உடனே முழுதும் கரைந்துவிட்டதாகக் கணக்கிடுவார்கள். உண்மையில் அது கரையப் பல மணி நேரம் ஆகும். கணக்கில் வகுக்கும் எண், அதாவது கரைந்த நைட்ரஜனில் 15-இன் பங்கு, கூடிப்போவதால் நிலைநிறுத்த வேகம் குறைந்து வரும். 2010-இல் மோர் குழுவினர் காட்டியது இதைத்தான். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு குறைந்தால் ஒரு பெருக்கெண் போட்டுச் சரிசெய்துவிடலாம், அதற்கும் வழியில்லை. நைட்ரஜனை நிலைநிறுத்தும் ட்ரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பசும்பாசி மிதந்து குமிழியின் அருகே போய்விடும், மற்றவை கீழேயே இருக்கும். வாயுவை முன்பே கரைத்த கடல்நீரைச் சேருங்கள். அல்லது குமிழியைச் செலுத்திச் சுமார் 15 நிமிடம் மெதுவாக அசைத்து, மீந்த குமிழியை வெளியேற்றிவிடுங்கள். எதைச் செய்தாலும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சிறு குப்பியில் நீர் எடுத்து, கரைந்த நைட்ரஜனில் 15-இன் பங்கை நிறை நிறமாலைமானியில் அளந்துவிடுங்கள். ஏட்டுக் கணக்கை நம்ப வேண்டாம். முன்கரைத்த நீரில் இரும்பு கலந்துவிட்டால், இரும்புக்கு ஏங்கும் உயிர்களுக்கு நீங்களே உரம் போட்டது போலாகும்.

இதற்கு நேர்மாறான தவறு வாயுச் சிலிண்டரிலேயே இருக்கலாம். விற்பனைக்கு வரும் சில நைட்ரஜன்-15 வாயுக்களில் அதே ஐசோடோப்பு ஏறிய அம்மோனியமும் நைட்ரேட்டும் கலந்திருந்ததை டபுண்டோ குழு 2014-இல் கண்டது. நைட்ரஜனை நிலைநிறுத்தவே தெரியாத பாசியும் இவற்றை உறிஞ்சும். இல்லாத நிலைநிறுத்தம் தாளில் ஏறிவிடும். உயிர்களைக் கொன்று வைத்த ஒப்பீட்டுப் பாட்டில் இங்கே உதவாது, செத்த செல் எதையும் உறிஞ்சாதே! ஒவ்வொரு புதுச் சிலிண்டரையும் தனியே சோதித்த பிறகே கடலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நேரமும் முக்கியம். ட்ரைக்கோடெஸ்மியம் பகலில் வேலை செய்யும், குரோக்கோஸ்பேரா என்ற இன்னொரு நீலப்பசும்பாசி இரவில். ஆறு மணி நேரச் சோதனையை நான்கால் பெருக்கி நாள்கணக்கு ஆக்காதீர்கள்; 24 மணி நேரம் ஓட விடுங்கள்.

வழக்கமான 0.7 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளில் மிகச் சிறிய செல்கள் நழுவிவிடும். 0.3 மைக்ரான் தாள் நல்லது. அதையும் முன்கூட்டியே 450 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுட்டெடுங்கள். தொடக்க நேர மாதிரியை விட்டுவிட்டால், செல்களில் இயல்பாகவே இருக்கும் 15-ஐக் கழிப்பதற்கு எண்ணே இருக்காது.

நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதிக்கான நிஃப்-எச் மரபணுவின் படிகளை எண்ணி அப்படியே செல் எண்ணிக்கை என்று எழுதுவதும் தவறுதான். ட்ரைக்கோடெஸ்மியத்தின் ஒரு செல்லில் மரபுத்தொகுதி பல படிகளாக இருக்கும். மரபணு இருப்பதால் அது அந்நேரம் வேலை செய்கிறது என்றும் ஆகாது.