விளிம்பை முதலில் பாருங்கள்: உலகக் கண்காட்சிப் பதக்கம் சேர்ப்போருக்கு

மட்டக்களப்பில் நகைவேலை செய்கிற எனக்கு, பழைய உலகக் கண்காட்சிகளில் பரிசாகவும் நினைவாகவும் கொடுத்த, முலாம் பூசிய பதக்கம் என்றால் தனி ஆசை. நம் பக்கத்தில் இது கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. வெளிநாட்டு ஏலத்தில், படத்தை நம்பித்தான் வாங்க வேண்டும். ஆகவே விற்பவரிடம் முதலில் விளிம்பின் படத்தைக் கேளுங்கள். முகப்பில் இருக்கும் தேவதைகளை அப்புறம் ரசிக்கலாம்.

பாரிஸ் நாணயசாலை அடித்த பதக்கங்களின் விளிம்பில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். 1845 முதல் 1860 வரை சுட்டும் கை, 1860 முதல் 1880 வரை தேனீ, அதன்பின் பழம் நிறைந்த கொம்பு. செம்பா, வெண்கலமா, வெள்ளியா என்றும் பக்கத்தில் பிரெஞ்சில் பொறித்திருப்பார்கள். 1867 பாரிஸ் கண்காட்சிப் பதக்கத்தில் கொம்பு தெரிந்தால், பழைய அச்சில் பிற்காலத்தில் அடித்தது அது. அழகு குறையாது, விலை குறையவேண்டும். முத்திரை இல்லை என்பதற்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். தனியார் பட்டறைகளும் ஏராளமாக அடித்தன.

அடுத்தது முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து பூசிச் சூடுகாட்டுவது பழைய முறை. 1840இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அந்த முறை பரவியது. எதுவானாலும் மூக்கு, கூந்தல், எழுத்து என்று எழும்பி நிற்கும் இடங்கள்தான் முதலில் தேயும். அங்கே அடிச்செம்பு லேசாகத் தெரிந்தால் எனக்குச் சந்தோசம். பழைய கீறலின் பள்ளத்துக்குள்ளும் தங்கம் மினுங்கினால், யாரோ பிறகு பூசியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி போதும், உரைகல்லில் மட்டும் உரைத்துவிடாதீர்கள்.

1893 சிக்காகோ கண்காட்சியின் பரிசுப் பதக்கம் அமெரிக்கச் சிற்பி செயின்ட் கோடன்ஸும் நாணயச் செதுக்காளர் பார்பரும் வடித்தது, 76 மில்லிமீற்றர், வெண்கலம். பரிசில் தங்கம், வெள்ளி என்ற தரமே அங்கு இல்லை. அது பொன்னாக மின்னினால் விசாரியுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 1889 ஈஃபில் கோபுர நினைவுப் பதக்கங்கள். கோபுரத்தில் ஏறியதன் நினைவாக வாங்கிச் சென்றவை, முலாம் பூசியவையும் உண்டு. கை பழகியதும் இலங்கை பங்கெடுத்த கண்காட்சிகளுக்குப் போங்கள்: 1851 லண்டன், 1893 சிக்காகோ, 1924 வெம்பிளி. நம்முடைய விளைபொருளும் கைவேலையும் நின்ற மண்டபங்களின் நினைவு அவை. என் பெட்டியில் முதலிடம் அவற்றுக்குத்தான்.

வீட்டுக்கு வந்த பதக்கத்தைக் குத்துவிளக்கு போலப் பழப்புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. முலாம் அத்தனை மெல்லியது, ஒரே தேய்ப்பில் போய்விடும். எண்ணெய்ப் பசை இருந்தால் சுத்தமான அசிற்றோனில் நனைத்தெடுத்துத் தானாகக் காயவிடுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்றுக்குத் தப்ப வழியில்லை. மென்மையான பிவிசி உறை இந்த வெக்கைக்குப் பச்சையாகப் பிசுபிசுக்கும். பொலியெஸ்ரர் தாளான மைலார் உறையே நல்லது. இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், மாரி தொடங்குமுன் அதை மாற்றிவிடுங்கள்.