முன்பக்கம் அக்ரிலிக் வச்ச குட்டி டிராயர்: இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

எங்க தெரு பசங்க ரெண்டு பேர் போன வாரம் ஸ்க்ரூ, நட்டு போட்டு வைக்க ப்ளைவுட்ல குட்டி டிராயர் பண்ணிட்டு இருந்தாங்க, உள்ள இருக்குறது தெரியணும்னு முன்பக்கம் 3 மி.மீ. அக்ரிலிக். எட்டிப் பாத்தா கையில சூப்பர் க்ளூ, நான் பண்ண அதே தப்பு. அளவு எடுக்குறது, நேரா அறுக்குறதெல்லாம் பண்ணப் பண்ண வந்துரும், அத விடுங்க.

சூப்பர் க்ளூ

வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோடு பக்கம் தையல் கடை வச்சிருக்குற அக்காவுக்கு பட்டன், கொக்கி போட 24 டிராயர் பண்ணேன். ராத்திரி முழுக்க உக்காந்து அக்ரிலிக்க க்ளூ வச்சு ஒட்டி, தூசி விழக்கூடாதுன்னு எல்லாத்தையும் கூட்டுக்குள்ள தள்ளிட்டு படுத்துட்டேன். காலைல இழுத்தா ஓரம் பூரா விபூதி பூசின மாதிரி வெள்ளை. அது அழுக்கில்லங்க, பசையோட ஆவி காத்துல இருக்குற ஈரம் பட்டு வெள்ளையா படியுது, மூடின பெட்டின்னா வெளிய போக வழியில்லாம அக்ரிலிக் மேலயே உக்காந்துரும், நம்ம பக்கம் கடல் காத்து வேற. அதோட விட்டிருக்கணும், தின்னர் தொட்டு தொடச்சேன். வரிசையா 19 தொடச்சு முடிக்கிறதுக்குள்ள, மொதல்ல தொடச்சதுல அறுத்த ஓரத்துலேந்து முடி முடியா கீறல் உள்ள ஓடிருச்சு. தீபாவளி தையல் நேரம், அக்கா மறுபடியும் டப்பாவ கொட்டி பட்டன் தேடுனாங்க, இப்ப நெனச்சாலும் எரிச்சலா வருது.

பசையே வேணாம். முன்பக்க சட்டத்துல கீழயும் ரெண்டு சைடுலயும் 3.5 மி.மீ. காடி (ஷீட் சொருகுற நீள பள்ளம்) எடுத்து மேலேந்து ஷீட்ட எறக்குங்க, மேல சின்ன ரீப்பர (மரப்பட்டிய) ஸ்க்ரூ போட்டு வைங்க. கீறல் விழுந்தா கழட்டி மாத்திக்கலாம்.

கைப்பிடி ஓட்டை

3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4 மி.மீ. ஓட்டை. வெயில்ல அக்ரிலிக் மரத்த விட அதிகமா விரியும், இடம் இல்லாம இறுக்கி முறுக்குனா ஓட்டைலேந்தே விரிசல் விடும்.

ஷீட் மேல இருக்குற பேப்பர்

கடைசியா உரிங்க.

மழை

மே மாசம் கச்சிதமா உக்காந்த டிராயர் நவம்பர்ல இழுத்தா வராது. சைடுக்கு 1 மி.மீ. விடுங்க, ப்ளைவுட்ட அறுத்த ஓரத்துக்கும் வார்னிஷ் அடிங்க.

துரு

காசிமேடு, ராயபுரம் மாதிரி கடல் பக்கம் வீடுன்னா எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ மட்டும்.

பசங்க ரெண்டு டிராயர்ல க்ளூ வச்சிட்டாங்க. மீதி 14-க்கும் இப்போ காடி எடுத்துட்டு இருக்காங்க.