பெற்றோல் செட் அருகே நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி?

கிணற்றுத் தண்ணீரில் பெற்றோல் மணம் இல்லை என்பதற்காக அதைக் குடிக்கலாம் என்று முடிவு செய்யாதீர்கள். பெற்றோலிலுள்ள நச்சுப் பொருளான பென்சீன் தனியே கலந்திருந்தால் லீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆகும்வரை மூக்குக்குத் தெரியாது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையோ 0.01 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கொழும்பை அடுத்த கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தை அண்டிய வீடானாலும் சந்தியிலுள்ள பெற்றோல் செட்டுக்குப் பின்வளவானாலும் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தண்ணீரில் வானவில் நிறப் படலம் கண்டால் முதலில் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கொழும்பின் கபுக் (செம்புரைக்கல்) மண்ணில் இரும்பு அதிகம். இரும்பு பக்டீரியாவின் படலம் குச்சி பட்டதும் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று மீண்டும் ஒன்றுசேரும்.

படி 1: கிணறு

கண்காணிப்புக்கென்றே துளைத்த குழாய்க் கிணறுகள் குறைந்தது மூன்று வேண்டும், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. அப்போதுதான் நீர்மட்டங்களை ஒப்பிட்டு நீரோட்டத் திசையைக் கணிக்கலாம். குறைந்தது ஒன்று எரிபொருள் தாங்கிக்கு மேல்பக்கத்தில், அதாவது நீரோட்டம் வரும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுத் திறந்த கிணற்றிலிருந்து மாதிரி எடுக்கலாம், ஆனால் ஆவியாகும் பொருட்கள் அதில் ஏற்கெனவே ஓரளவு பறந்துபோயிருக்கும்.

50 மில்லிமீற்றர் பிவிசி குழாய் போதும். துண்டுகளை மரை பூட்டி இணையுங்கள், பசை பூச வேண்டாம். பசையிலுள்ள கரைப்பான் தண்ணீரில் கசிந்து ஆய்வு முடிவிலும் வந்துவிடும்.

அதிகம் பிழை நேரும் இடம், நீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்ப் பகுதி. பெற்றோலும் டீசலும் தண்ணீரில் மிதப்பவை. துளைகள் முழுவதும் நீருக்கு அடியில் இருந்தால் மேலே மிதப்பது கிணற்றுக்குள் வராது, எல்லாம் சுத்தம் என்று தோன்றும். ஆகவே 3 மீற்றர் துளைப்பகுதி வைத்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர், மழைக்கால உச்ச நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று அயலவரைக் கேளுங்கள். வறண்ட மாதத்தில் அளந்து போட்ட கிணறு மழை வந்ததும் ஏமாற்றும்.

துளைப்பகுதியைச் சுற்றிக் கழுவிய மணல், அதற்கு மேல் நீர் பட்டு வீங்கி அடைக்கும் பெண்டனைட் களிமண் அரை மீற்றர், அதன்மேல் சீமெந்து, பூட்டுள்ள நீர்புகா மூடி. தாழ்நிலத்தில் இவற்றுக்கு ஆழம் போதாவிட்டால் களிமண் அடுக்கைக் குறுக்குங்கள், துளைப்பகுதியைக் கீழிறக்காதீர்கள். பிறகு தெளியும்வரை இறைத்து, ஒரு வாரமாவது விடுங்கள்.

படி 2: மட்டம்

எண்ணெய், நீர் இரண்டின் மட்டத்தையும் காட்டும் அளவியை இறக்கி, குழாய் விளிம்பில் குறித்த ஒரே புள்ளியிலிருந்து ஒவ்வொரு தடவையும் அளவெடுங்கள். 20 சென்ரிமீற்றர் பெற்றோல் மிதந்தால் அதன் எடை நீரை அழுத்தியிருக்கும். அடர்த்தி 0.75 என்று கொண்டு நீர்மட்ட உயரத்தோடு 15 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். எண்ணெய் மிதக்கும் கிணற்றில் கரைந்த அளவைப் பார்க்க மாதிரி எடுப்பதில் பயனில்லை. மழைக்குப் பின் எண்ணெய்த் தடிப்பு குறைந்தால் கசிவு நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஏறிய நீருக்கு அடியில் அது மண்ணிடுக்கில் சிக்கியிருக்கலாம்.

படி 3: மாதிரி

சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கானதில் முடியுங்கள். பெற்றோல் ஜெனரேற்றரைப் பக்கத்தில் ஓட்டாதீர்கள், வாகனத்துக்கு முந்தைய நாளே எரிபொருள் அடித்துவிடுங்கள். நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இறைக்கக் கூடாது. நீர்மட்டம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் வேகத்தை இன்னும் குறையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்: அடுத்தடுத்து மூன்று அளவுகளில் பிஎச் 0.1க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் மாதிரி எடுக்கலாம்.

ஆய்வுகூடம் தரும் 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிக்குள் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கும், அலச வேண்டாம். விளிம்புக்கு மேல் நீர் குவியும்வரை மெதுவாக நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டுங்கள். குமிழி தெரிந்தால் அதைத் திறந்து மேலும் ஊற்றாமல் புதுக் குப்பியில் எடுங்கள். குமிழிக்குள் பென்சீன் ஆவியாகப் போய்விடும். ஐஸ் பெட்டியில் 4 பாகை செல்சியஸில் வையுங்கள். 14 நாட்களுக்குள் ஆய்வு முடிய வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாகட்டும். ஆய்வுகூடத்திலிருந்து வந்து திறக்காமலே திரும்பும் வெற்றுக் குப்பி ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். அதில் பென்சீன் தென்பட்டால் வழியிலேயே மாசு புகுந்திருக்கிறது.

படி 4: ஆய்வுகூடம்

‘எண்ணெயும் கிரீஸும்’ சோதனை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதில் கரைப்பானை ஆவியாக்கும்போது பெற்றோலின் இலேசான பகுதியும் பறந்துவிடும், பூச்சியம் என்று அறிக்கை வரலாம். பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் நான்கையும், டீசல் சந்தேகம் இருந்தால் மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபனையும் கேளுங்கள். பென்சீனை 0.01 மில்லிகிராமுக்கும் கீழே அளக்க அவர்களால் முடியுமா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். மற்ற மூன்றுக்கும் எல்லை முறையே 0.7, 0.3, 0.5 மில்லிகிராம்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். பென்சீன் எல்லையைத் தாண்டினால் மறுமாதிரி எடுத்து உறுதிசெய்யும்வரை அந்தக் கிணற்றில் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். குளோரின் போட்டாலும் பென்சீன் போகாது. கொதிக்கவைத்தால் அதன் ஆவி குசினிக்குள்தான் நிறையும்.