லுவார் ஆத்தங்கரையில ஷாத்தோ பார்த்துக்கிட்டே சைக்கிள் ஓட்டுறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

பிரான்ஸ்ல சைக்கிள் ஓட்டலாம்னு சொன்னாலே நிறைய பேருக்கு டூர் டி பிரான்ஸும் ஆல்ப்ஸ் ஏத்தமும்தான் ஞாபகம் வருது, "அதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா"ன்னு அப்பவே விட்டுடுறாங்க. லுவார் பக்கம் அந்தக் கதையே கிடையாது. முக்கால்வாசி தட்டையான ரோடு, பக்கத்துலயே ரயில் லைன், கொஞ்ச தூரம் மிதிச்சா ஒரு அரண்மனை. அங்க ஷாத்தோன்னு சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதுறேன். நெவேர் பக்கத்துல இருந்து அட்லாண்டிக் கடல் வரைக்கும் லுவார் ஆ வெலோன்னு சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் ரூட் போகுது. முழுசா ஓட்டுங்கன்னு நான் சொல்லல. தூர்ங்கிற ஊர்ல இருந்து ப்ளுவாங்கிற ஊர் வரைக்கும் உள்ள துண்டு மட்டும் எடுத்துக்கோங்க, பேர் போன ஷாத்தோ பாதி அதுக்குள்ளயே வந்துடும்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். ஒரு நாளைக்கு 80, 100 கிலோமீட்டர்னு ப்ளான் போடாதீங்க, 30-ல இருந்து 40 போதும். கால் தாங்காதுன்னு சொல்லல, ஒரு ஷாத்தோவை ஒழுங்கா பார்க்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், டிக்கெட் கவுண்டரை மூடுற நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடியே அடைச்சுடுவாங்க, மத்தியானம் 2 மணி தாண்டினா சின்ன ஊர் ஹோட்டல்ல சாப்பாடும் கிடைக்காது. இது மூணையும் வச்சுத்தான் நாளைப் பிரிக்கணும். 100 கிலோமீட்டர் காட்டணும்னு ஓட்டுறவங்க எல்லா ஷாத்தோவையும் கேட்டுக்கு வெளியில இருந்து போட்டோ எடுத்துட்டுப் போறதைத்தான் நான் பார்க்குறேன்.

ஸ்டெப் 1: எப்போ, எந்தப் பக்கமா

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை ஆகஸ்ட்ல வெயிலும் கூட்டமும் ரூம் விலையும் சேர்ந்து அடிக்கும்.

திசைதான் பலரும் யோசிக்காத விஷயம். ஆறு ப்ளுவால இருந்து தூர் பக்கம் ஓடுது, ஆத்துப்போக்குல போனா இறக்கமா இருக்கும்ல, ஈஸிதானேன்னு தோணும். அந்த இறக்கம் உங்க காலுக்குத் தெரியவே தெரியாது, எதிர்காத்து மட்டும் நல்லாவே தெரியும். அங்க காத்து பெரும்பாலும் மேற்குல இருந்து அடிக்கும், அதனால தூர்ல ஆரம்பிச்சு கிழக்கே ப்ளுவா பக்கம் வாங்க.

ஸ்டெப் 2: சைக்கிள்

முதல் தடவைன்னா வாடகைக்கு எடுத்துடுங்க. ஒரு ஊர்ல எடுத்து இன்னொரு ஊர்ல விடுற மாதிரி கடைகள் இந்த ரூட்ல இருக்கு, பையை அடுத்த ஹோட்டலுக்குக் கொண்டு போய் சேர்க்குற சர்வீஸும் உண்டு. சொந்த ரோடு பைக்கைத்தான் கொண்டு போவேன்னா டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாம போடுங்க, 32 இருந்தா இன்னும் நிம்மதி, ஏன்னா ரூட் முழுக்க தார் கிடையாது, நடுநடுவுல கெட்டிச்ச மண்ணும் பொடி ஜல்லியும் வரும்.

கடையில சைக்கிளைக் கையில குடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பிரேக்கைப் பார்க்கறது. நம்ம ஊர் சைக்கிள்ல வலது கை லீவர் முன் பிரேக். அங்க பெரும்பாலும் மாத்தி இருக்கும், இடது கைதான் முன் சக்கரம். பழக்கதோஷத்துல இடது பக்கத்தை அழுத்திப் பிடிச்சீங்கன்னா தலைகுப்புற போயிடுவீங்க. வண்டியை உருட்டிக்கிட்டே ஒவ்வொரு லீவரா பிடிச்சுப் பாருங்க, எந்த சக்கரம் நிக்குதுன்னு தெரிஞ்ச அப்புறம் ஏறுங்க, ஆளில்லாத இடத்துல ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டு ரோட்டுக்கு வாங்க.

ஒரு ஸ்பேர் டியூப், டயர் லீவர், சின்ன பம்ப் கேட்டு வாங்கிக்கோங்க. வால்வு ஒல்லியான பிரெஸ்டா டைப்பா இருந்தா, மேல இருக்குற குட்டி நட்டைத் திருகி லூஸ் பண்ணி ஒரு தடவை அமுக்கிவிட்ட பிறகுதான் காத்து ஏறும். இது தெரியாம நடுரோட்டுல பம்ப்போட மல்லுக்கட்டி நிக்குறவங்க நிறைய. பெல், முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட் இருக்கான்னும் பாருங்க, சட்டப்படி வேணும்.

ஸ்டெப் 3: ரோட்டு ரூல்ஸ்

வலது பக்கமா போகணும், அது ஒரு மணி நேரத்துல பழகிடும். காலையில முதல் தடவை கிளம்பும்போதும் காலி ரோட்டுல இடது பக்கம் திரும்பும்போதும்தான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும்.

உண்மையான ஆபத்து வேற. பிரான்ஸ்ல போர்டு, கோடு ஒண்ணுமே இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்றவனுக்குத்தான் முதல் உரிமை. நீங்க ஊரோட பெரிய ரோட்டுல நேரா போயிட்டிருப்பீங்க, ஒரு சந்துல இருந்து கார் நிக்காம வெளிய வரும், சட்டப்படி தப்பு உங்க மேல. மஞ்சள் டைமண்ட் போர்டு பார்த்தீங்கன்னா நீங்க போற ரோட்டுக்கு முன்னுரிமை, அதே மஞ்சள் டைமண்டை கறுப்புக் கோடு போட்டு அடிச்சிருந்தா அது முடிஞ்சுதுன்னு அர்த்தம். கிராமத்துக்குள்ள நுழையும்போதெல்லாம் வலது பக்கம் கண்ணை வச்சுக்கிட்டே போங்க.

மத்தது சுருக்கமா. ஓட்டும்போது காதுல இயர்போன் கூடாது, ஃபோனைக் கையில பிடிக்கக் கூடாது. 12 வயசுக்குக் கீழ ஹெல்மெட் கட்டாயம், பெரியவங்களுக்கு கட்டாயம் இல்லைன்னாலும் போட்டுக்கோங்க. ஊருக்கு வெளிய இருட்டுலயோ பனிமூட்டத்துலயோ ஓட்டினா பளிச்சுன்னு தெரியுற ஜாக்கெட் வேணும். ஊருக்கு வெளிய கார்க்காரங்க உங்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடணும்னு சட்டம் இருக்கு, கிராமத்து ரோட்டுல பெரும்பாலும் விடுறாங்க. அப்புறம் வழியெல்லாம் ஒயின் தோட்டம்தான், ருசி பார்க்கக் கூப்பிடுவாங்க, ஆனா குடிச்சுட்டு ஓட்டுற சட்டம் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டெப் 4: முதல் நாள், தூர் டூ அம்புவாஸ்

சுமார் 25 கிலோமீட்டர், உடம்பு பழகுறதுக்கு சரியான தூரம். ரூட் தென்கரையில மோன்லூயி வழியா போகும். வெள்ளை போர்டுல பச்சை சைக்கிள் படம் போட்டிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டே போனா போதும்.

நம்ம ஏரிக்கரை மாதிரி ஆத்தோரமா உசரமா மண்ணை அணைச்சுக் கரை கட்டியிருப்பாங்க, பல இடத்துல ரோடு அதுக்கு மேலயே போகும், ஒரு பக்கம் மணல் திட்டோட ஆறு, இன்னொரு பக்கம் கீழ தோட்டமும் ஓட்டு வீடும். இந்தக் கரை எதுக்குன்னு தெரியணும்னா ஆத்தோர ஊர்கள்ல பழைய சுவரு, பாலத்துத் தூணைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, கல்லுல ஒரு கோடு செதுக்கி பக்கத்துல 1846, 1856, 1866-ன்னு வருஷம் போட்டிருக்கும். அந்தந்த வெள்ளத்துல தண்ணி அவ்வளவு உசரம் வந்திருக்கு. சில கோட்டுக்குப் பக்கத்துல சைக்கிளை நிறுத்திப் பார்த்தா கோடு உங்க தலைக்கு மேல இருக்கும்.

மோன்லூயி பக்கம் பாறையைக் குடைஞ்சு கட்டின வீடுகளையும் பார்ப்பீங்க, பாறைக்கு நடுவுல கதவு, ஜன்னல், மேல புகைக்கூண்டு. அந்தப் பாறை துஃபோன்னு ஒரு மெத்தான வெள்ளைக் கல், நிறைய ஷாத்தோ கட்டினதும் இந்தக் கல்லுலதான்.

அம்புவாஸ்ல ரெண்டு இடம். ஒண்ணு ஆத்தைப் பார்த்த மாதிரி மேட்டுல இருக்குற ராஜாவோட ஷாத்தோ. எட்டாம் சார்ல் ராஜா இங்கதான் 1498-ல தாழ்வான வாசக்கால்ல தலையை இடிச்சுக்கிட்டு அன்னைக்கே செத்துப் போனாரு. இன்னொண்ணு க்ளோ லூசே. முதலாம் பிரான்சுவா ராஜா கூப்பிட்டதால லியோனார்டோ டாவின்சி 1516-ல வந்து தங்கின வீடு, 1519 மே 2-ம் தேதி அங்கயே இறந்தாரு. அவரோட கல்லறை ஷாத்தோவுக்குள்ள இருக்குற சின்ன ஜெபக்கூடத்துல இருக்கு. ஒரே நாள்ல ரெண்டும் முடியும், ஆனா மத்தியானத்துக்குள்ள ஊருக்கு வந்து சேர்ந்திருக்கணும்.

ஸ்டெப் 5: ரெண்டாம் நாள், ஷெனோன்சோ போயிட்டு வர்றது

பையை அம்புவாஸ் ரூம்லயே விட்டுடுங்க. ஒரு வழி சுமார் 15 கிலோமீட்டர். ஊரை விட்டு வெளிய வரும்போதே ஒரு ஏத்தம் இருக்கு, கூச்சப்படாம சின்ன கியருக்கு மாத்துங்க, அதுவும் ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாத்துங்க, பாதியில அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்தினா செயின் கழண்டுடும். மேல போயிட்டா காடும் வயலும்தான்.

ஷெனோன்சோ ஷாத்தோ ஷேர் ஆத்துக்குக் குறுக்கயே நிக்குது. இரண்டாம் ஆன்ரி ராஜாவோட காதலி தியான் த புவாத்தியே பாலத்தைக் கட்டினாங்க, 1559-ல ராஜா செத்ததும் ராணி கத்ரீன் த மெதிசி அவங்களை வெளிய அனுப்பி, பதிலுக்கு ஷோமோன் ஷாத்தோவைக் குடுத்துட்டு, இந்தப் பாலத்து மேலயே ஒரு நீள மண்டபம் எழுப்பிட்டாங்க. அந்த மண்டபம் முதல் உலகப் போர்ல ஆஸ்பத்திரியா இருந்துச்சு. ரெண்டாவது போர்ல ஜெர்மன்காரங்க பிடிச்ச பகுதிக்கும் மத்த பகுதிக்கும் எல்லை இந்த ஆறுதான், முன்வாசல் ஒரு பக்கம், மண்டபத்தோட தென்கோடிக் கதவு இன்னொரு பக்கம், அது வழியா ஆளுங்க தப்பிச்சிருக்காங்க. அந்தக் கதவுக்குப் போகாம திரும்பிடாதீங்க. டூர் பஸ் வந்து இறங்குறதுக்கு முன்னாடி, திறந்ததும் போயிடுங்க.

ஸ்டெப் 6: சாப்பாடு, தண்ணி

கிராமத்துக் கடைகள் மத்தியானம் அடைச்சுட்டு ரெண்டு மூணு மணிக்கு மேலதான் திறப்பாங்க, ஞாயிறு மத்தியானம் கிட்டத்தட்ட எதுவுமே இருக்காது, திங்கட்கிழமையும் நிறைய கடை லீவு. அதனால காலையில முதல்ல கண்ணுல படுற பூலான்ஜெரியில, அதான் ரொட்டிக் கடை, ஒரு பகெத்தும் (நீள ரொட்டி) நாலு பான் ஓ ஷோகோலாவும் (உள்ள சாக்லேட் வச்ச பன்) வாங்கி பைக்குள்ள போட்டுக்கோங்க. கறி வேண்டாம்னா இந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் கைகொடுக்கும், சான்த் மோர்னு கேளுங்க, நீளமா உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும், நடுவுல ஒரு வைக்கோல் குச்சி சொருகியிருக்கும், அதை உருவிட்டு வெட்டிச் சாப்பிடணும். பாரிஸ் வழியா வர்றவங்க அங்க லா ஷப்பெல் ஏரியாவுல இருக்குற தமிழ்க் கடையில ஒரு ஊறுகா பாட்டில் வாங்கிக்கிட்டா பகெத் இன்னும் நல்லா இறங்கும், நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க.

தண்ணி தீர்ந்துட்டா கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்க. ஏறக்குறைய எல்லா கிராமத்துலயும் ஒண்ணு இருக்கும், பூச்செடிக்கு ஊத்த உள்ள ஒரு குழாய் வச்சிருப்பாங்க, அங்க சைக்கிள்காரங்க எல்லாரும் அங்கதான் பாட்டில் நிரப்புவாங்க. "ஓ நோன் பொத்தாப்ல்"னு (Eau non potable, குடிக்கிற தண்ணி இல்லைன்னு அர்த்தம்) போர்டு இருந்தா மட்டும் குடிக்காதீங்க.

ஸ்டெப் 7: ஷோமோன் வழியா ப்ளுவா

மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர், நடுவுல ஷோமோன். ஷாத்தோ குன்று மேல இருக்கு, கடைசி ஏத்தத்துல இறங்கித் தள்ளினாலும் யாரும் கேட்க மாட்டாங்க. 1992-ல இருந்து இங்க தோட்டத் திருவிழா நடக்குது, ஒவ்வொரு துண்டு நிலத்தையும் ஒவ்வொரு டிசைனர்கிட்ட குடுத்து விதவிதமா தோட்டம் போட விடுவாங்க, எனக்கு ஷாத்தோவை விட இதுதான் பிடிக்கும்.

முடியலைன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒன்ஸான் ஸ்டேஷன் இருக்கு, ரயில் ஏறி ப்ளுவாக்குப் போயிடலாம். அம்புவாஸும் இதே லைன்தான். புதுசா ஓட்டுறவங்களுக்கு இந்த ரூட்டைச் சொல்றதுக்கு இது பெரிய காரணம். மழையோ முட்டி வலியோ, எங்கயும் மாட்டிக்க மாட்டீங்க.

ப்ளுவா ஷாத்தோல 1588 டிசம்பர் 23-ம் தேதி மூணாம் ஆன்ரி ராஜா தன்னோட எதிரி கீஸ் பிரபுவை ஆள் வச்சுக் குத்திக் கொன்ன மாடி இருக்கு. முற்றத்துல வெளிப்பக்கமா துருத்திக்கிட்டு நிக்குற சுழல் மாடிப்படியையும் நின்னு பாருங்க.

ஸ்டெப் 8: கடைசி நாள், ஷாம்போர்

ப்ளுவால இருந்து ஷாம்போர், அங்க இருந்து ஷெவெர்னி, மறுபடி ப்ளுவான்னு சுத்தினா 50-ஐத் தாண்டும். முதல்ல சொன்ன கணக்கை மீறுது, ஷெவெர்னியை விட்டுட்டா 40-க்குள்ள முடிஞ்சுடும். வேட்டை நாய் கூட்டம் பார்க்கணும்னா மட்டும் ஷெவெர்னி போங்க, நூறு நாய் கிட்ட வளர்க்குறாங்க.

ஷாம்போர் காட்டைச் சுத்தி 32 கிலோமீட்டருக்கு மதில், உள்ள மானும் காட்டுப்பன்னியும் திரியுது. 1519-ல பிரான்சுவா ராஜா ஆரம்பிச்சாரு, வேட்டைக்கு வந்தா தங்குறதுக்காம், 400-க்கு மேல ரூம். உள்ள நிறைய ரூம் காலியாத்தான் இருக்கும், அதுக்காக மாஞ்சு மாஞ்சு சுத்த வேண்டாம். நடுவுல இருக்குற மாடிப்படிதான் விஷயம். ரெண்டு சுருள் படி ஒண்ணை ஒண்ணு பின்னிக்கிட்டு ஏறுது, கூட வந்தவரை ஒரு படியில அனுப்பிட்டு நீங்க இன்னொண்ணுல ஏறுங்க, நடுவுல இருக்குற திறப்பு வழியா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலாம், மேல போய் சேர்ற வரைக்கும் எதிர்ல வர மாட்டீங்க. லியோனார்டோ ஐடியான்னு சொல்லுவாங்க, கையெழுத்து போட்ட ஆதாரம் கிடையாது. மொட்டைமாடிக்குக் கண்டிப்பா போங்க, புகைக்கூண்டும் கோபுரமுமா ஒரு குட்டி ஊரே நிக்கும்.

ஸ்டெப் 9: திரும்பறது

வாடகை சைக்கிளை ப்ளுவாலயே விட்டுட்டு பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷனுக்குப் போற ரயில் பிடிச்சுடலாம். சொந்த சைக்கிள்னா டிக்கெட் எடுக்கும்போதே அந்த ரயில்ல சைக்கிள் இடம் இருக்கா, அதுக்குத் தனியா புக் பண்ணணுமான்னு பாருங்க, ரயிலுக்கு ரயில் மாறும். டிஜிவில, அதான் அதிவேக ரயில்ல, போறதா இருந்தா சக்கரத்தைக் கழட்டி 130-க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள்ள போட்டா லக்கேஜ் கணக்குல வந்துடும். ஞாயிறு சாயங்காலம் வேண்டாம், எல்லாரும் சைக்கிளோட அதே பிளாட்ஃபார்ம்ல நிப்பாங்க. ரயில் வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே பையையெல்லாம் சைக்கிள்ல இருந்து கழட்டித் தோள்ல மாட்டிக்கோங்க, பெட்டியில சைக்கிளை முன் சக்கரத்தால கொக்கியில தொங்கவிடணும், பையோட தூக்க முடியாது.